ஐந்தாவது வாரமும் தன்னம்பிக்கை வியாபாரிகளும்

தன்னம்பிக்கையைப் போன்று எமது சமுதாயத்தில் இன்று மலிவாக விற்கப்படுகின்ற பண்டம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. யூரியூப்பில் அதற்கென்றே தனி அலைவரிசைகள் இருக்கின்றன. வட்ஸ்அப் குழுக்களில் விடிகாலை 5 மணிக்கே சூரியோதயப் படத்துடன் வந்து சேருகின்றது. கோயில் மண்டபங்களிலும் வங்கிகளின் ஊழியர் ஒன்றுகூடல்களிலும் கோட்டு அணிந்த பேச்சாளர்கள் அதை மணித்தியாலக் கணக்கில் வழங்குகிறார்கள். வாங்கிச் செல்பவர்களில் எத்தனை பேருக்கு அது மறுநாள் காலை வரையாவது தாக்குப்பிடிக்கின்றது என்று எவரும் கேட்பதில்லை.

இந்த வியாபாரத்தினால் ஏற்படக்கூடிய சேதத்தை மிகவும் சாதாரணமான ஒரு விடயத்தில் நான் நேரடியாகக் கண்டேன். ஐம்பது வயதைக் கடந்த, வாழ்நாளில் பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தவிர வேறு எதற்காகவும் ஓடியிராத மனிதர்கள் ஓடப் பழகுவதே அந்த விடயம். அரசியல் எழுதுகின்ற பக்கத்தில் இது எதற்கு என்று வாசகர்கள் சிலர் நினைக்கக்கூடும். எமது தலைமுறையைச் சேர்ந்த பத்திரிகையாளர்களின் மரண அறிவித்தல்களைக் கடந்த சில வருடங்களாக எழுதிவருபவன் என்ற முறையில், இதுவும் எழுதப்படவேண்டியதே என்று நான் கருதுகிறேன்.

‘கௌச் டு 5கே’ என்று உலகெங்கும் அறியப்பட்ட பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கின்றது. சாய்மனையில் கிடப்பவரை 5 கிலோமீட்டர் தூரம் ஓடவைப்பது என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் 1996 ஆம் ஆண்டில் அதை வகுத்தார். ஐம்பது வயதையொட்டியிருந்த தனது தாயாரை ஓட்டத்துக்குப் பழக்கவேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. பின்னர் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை அதே திட்டத்தைத் தழுவி ஒலிப்பதிவுகளாகவும் கைத்தொலைபேசிச் செயலியாகவும் இலவசமாக வழங்கியதை அடுத்து இலட்சக்கணக்கானவர்கள் அதைப் பின்பற்றத் தொடங்கினார்கள். லண்டனில் வாழும் எமது உறவினர்கள் பலருக்கு அவர்களின் குடும்ப வைத்தியர்களே அதைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

திட்டம் எளிமையானது. வாரத்தில் மூன்று நாட்கள். இடையில் ஓய்வு நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிட வேகநடைக்குப் பிறகு 60 விநாடிகள் ஓட்டம், 90 விநாடிகள் நடை என்று மாறிமாறி 20 நிமிடங்கள். மூன்றாவது வாரத்தில் மூன்று நிமிட ஓட்டம் வருகின்றது. நான்காவது வாரத்தில் மூன்று நிமிடமும் ஐந்து நிமிடமுமாக நான்கு துண்டுகள். ஒன்பதாவது வாரத்தில் நடையே இல்லாமல் 30 நிமிட ஓட்டம்.

இதில் ஐந்தாவது வாரம்தான் பலரின் தூக்கத்தைக் கெடுப்பது. அந்த வாரத்தின் முதல் நாளில் ஐந்து நிமிட ஓட்டம் மூன்று தடவைகள். இரண்டாவது நாளில் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு தடவைகள், இடையில் ஐந்து நிமிட நடை. மூன்றாவது நாளில் ஒரேயடியாக 20 நிமிடங்கள். எட்டில் இருந்து இருபதுக்கு எப்படித் தாவுவது என்று அட்டவணையைப் பார்த்தவுடனேயே பலர் மனதளவில் விலகிவிடுகிறார்கள்.

ஆனால், கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் வேறொரு விடயம் புலப்படும். நான்காவது வாரத்தில் ஒரு நாளின் மொத்த ஓட்டம் 16 நிமிடங்கள். ஐந்தாவது வாரத்தின் முதல் நாளில் 15, இரண்டாவது நாளில் 16. மூன்றாவது நாளில் 20. கால்களிடம் கேட்கப்படுவது மேலதிகமாக நான்கு நிமிடங்களே. இடையில் இருந்த நடை என்ற ஊன்றுகோல் எடுக்கப்பட்டுவிடுகின்றது. அதுதான் பெரிய மாற்றம். ஊன்றுகோல் இல்லாமல் நிற்கமுடியுமா என்ற பயம் நியாயமானதே. அந்தப் பயத்துக்கு மருந்து என்ன என்பதில்தான் எனக்கும் எமது தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும் இடையிலான தகராறு ஆரம்பிக்கின்றது.

ஆசிரியபீடத்தில் என்னுடன் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், நீரிழிவு நோயாளி, வைத்தியரின் ஆலோசனையின் பேரில் இந்தத் திட்டத்தை ஆரம்பித்து நான்காவது வாரம் வரை வந்திருந்தார். அந்த வாரத்தில் கடைசி ஐந்து நிமிடத் துண்டை அவரால் முடிக்க இயலவில்லை. அந்த நாட்களில் அவர் சென்ற கூட்டமொன்றில் பேச்சாளர் ஒருவர், “மனதில் உறுதி இருந்தால் உடம்பு தானாகப் பின்னால் வரும், நின்றுவிடுபவனின் கால்களில் குறையில்லை, மனதில்தான் குறை” என்ற பாங்கில் முழங்கியிருக்கிறார். மண்டபம் கைதட்டியது. நண்பர் வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றி வைத்தவர்தான், பிறகு எடுக்கவில்லை. “எனக்கு மனவுறுதி காணாது போல கிடக்கு” என்று என்னிடம் சொன்னார். தணிக்கை அதிகாரிகளின் முன்னால் அமர்ந்து பக்கம் பக்கமாக வாதாடிய மனிதர் அவர். ஊரடங்கு வேளைகளில் அச்சகத்துக்கு நடந்துபோனவர். அவருக்கா மனவுறுதி காணாது?

அவர் செய்யவேண்டியிருந்ததெல்லாம் இன்னும் மெதுவாக ஓடுவதும் நான்காவது வாரத்தை மீண்டும் ஒரு தடவை செய்வதுமே. அதைச் சொல்வதற்கு அந்த மண்டபத்தில் எவரும் இருக்கவில்லை. சொன்னாலும் எவரும் கைதட்டியிருக்கமாட்டார்கள்.

அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞரை இங்கு குறிப்பிடவேண்டும். கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2021 ஆம் ஆண்டில் காலமான அவர், ஒரு காரியத்தைத் தன்னால் செய்யமுடியும் என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்ந்தவர். 1977 இல் வெளியான அவரது பிரபலமான கட்டுரை அதற்கு நான்கு ஊற்றுக்களைக் காட்டுகின்றது. தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது, பிறரின் சொல், தனது உடலின் நிலையைத் தான் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பது ஆகியவையே அவை. இவற்றில் வலிமை மிக்கது செய்து முடித்த அனுபவம். பாம்புக்கு மட்டுமீறிப் பயந்தவர்களைக் கொண்டு அவர் பரிசோதனைகள் நடத்தினார். பிறர் பாம்பைக் கையாளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை விட, துணையொருவருடன் தாமே படிப்படியாக நெருங்கித் தொட்டுப் பழகியவர்களிடம்தான் நம்பிக்கை கூடுதலாக வளர்ந்தது. வெறும் சொல்லினால் ஊட்டப்படுகின்ற நம்பிக்கையோ முதலாவது தோல்வியிலேயே கரைந்துபோகக்கூடியது.

எமது பேச்சாளர்கள் விற்பது அந்த மூன்றாவது ஊற்றை மாத்திரமே. அதையும் தலைகீழாக விற்கிறார்கள். முதலில் நம்பு, பிறகு செய் என்கிறார்கள். ஓட்டத்தில் நடப்பது அதற்கு நேரெதிரானது. ஒரு நிமிடம் ஓடி முடித்தவனுக்கு ஒன்றரை நிமிடம் ஓடலாம் என்று தோன்றுகின்றது. ஐந்து நிமிடத்தை மூன்று நாட்கள் அலுங்காமல் ஓடியவனுக்கு எட்டு நிமிடம் ஒரு மலையாகத் தெரிவதில்லை. கிளார்க்கின் திட்டத்தின் மேதாவிலாசம் அதில்தான் இருக்கின்றது. அது எவரிடமும் நம்பிக்கையை முன்பணமாகக் கேட்பதில்லை.

நான்காவது ஊற்றும் ஓட்டக்காரருக்கு முக்கியமானது. மூச்சு வாங்குவதை நாற்பது வருடங்களாக நோயின் அறிகுறியாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். மாடிப்படியில் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுவோம். ஓடும்போது மூச்சு வேகமாவது உடல் தனது வேலையைச் செய்வதன் அடையாளம் என்பதை மூளை ஏற்றுக்கொள்ளவே சில வாரங்கள் செல்லும். அதுவரை எழும் பயத்தைக் கோழைத்தனம் என்று வைவது அறியாமை.

மூச்சு முட்டுவதற்குப் பெரும்பாலான வேளைகளில் ஒரே காரணம்தான். வேகம் கூடிவிட்டது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேசமுடியவேண்டும். இரண்டு சொற்களுடன் மூச்சு அறுந்தால் அந்த வேகம் உங்களுக்குரியது அல்ல. பக்கத்தில் நடப்பவர் உங்களை முந்திச் சென்றாலும் பரவாயில்லை. எனது ஓட்டத்தைக் கண்ட பக்கத்து வீட்டுச் சிறுவன், “அங்கிள், நீங்கள் ஓடுறியளோ, நடக்கிறியளோ?” என்று கேட்டான். ஓடுகிறேன் என்றுதான் பதில் சொன்னேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

நான்காவது வாரத்தை நான் மூன்று வாரங்கள் செய்தேன். அதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த அட்டவணைக்கு வெள்ளவத்தையின் புழுக்கம் தெரியாது. விடியற்காலை ஐந்தேகாலுக்கும் இங்கு காற்றில் ஈரப்பதன் மிகுந்திருக்கும். வியர்வை உலராது, உடலின் சூடு தணியாது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். இதயமும் நுரையீரலும் பயிற்சிக்கு ஓரளவு விரைவாக இசைந்துகொடுக்கும். தசைநாண்களும் எலும்புகளும் வலுப்பெறுவதற்குக் கூடுதல் காலம் எடுக்கும். ஐம்பத்தைந்து வயதில் இந்த இடைவெளி சிறியது அல்ல. ஒரு வாரத்தைத் திரும்பச் செய்பவன் அந்த இடைவெளியை நிரப்புகிறான். திட்டத்தை வழங்குபவர்களே விரும்பிய வாரத்தை மீண்டும் செய்யலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ‘ஒன்பது வாரங்களில் 5 கிலோமீட்டர்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டவர்கள் இந்த வாசகத்துக்குக் கொடுத்த இடம் மிகவும் சிறியது.

தலைப்புப் போடுகின்ற தொழிலில் முப்பது வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பெயரிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒன்பதாவது வாரத்தின் இலக்கு 30 நிமிடங்கள் இடைவிடாமல் ஓடுவது. 30 நிமிடங்களில் 5 கிலோமீட்டர் ஓடவேண்டுமானால் ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடங்களில் கடக்கவேண்டும். புதிதாக ஓடவந்த ஐம்பது வயதுக்காரர்களில் பெரும்பாலானோருக்கு அது எட்டாத வேகம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடங்கள் எடுப்பவர் 30 நிமிடங்களில் 3.75 கிலோமீட்டரே ஓடியிருப்பார். திட்டத்தை முழுமையாக, ஒழுங்காக முடித்த ஒருவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். தலைப்பு செய்தியைக் காட்டிக்கொடுப்பது என்பது பத்திரிகை உலகில் மாத்திரம் நடப்பதல்ல.

இதற்கெல்லாம் அடியில் எமது பாடசாலைகள் விதைத்த ஒரு நோய் இருக்கின்றது. வருடத்துக்கு ஒருமுறை நடைபெறும் இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். தெரிவு ஓட்டத்தில் முன்னுக்கு வந்த ஆறேழு பேர் இறுதிப்போட்டிக்கு ஓடுவார்கள். எஞ்சிய நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இல்ல அலங்காரத்துக்குத் தென்னோலை பின்னுவார்கள், கதிரை தூக்குவார்கள், வெயிலில் நின்று கைதட்டுவார்கள். ஓட்டம் என்பது வெல்பவர்களின் சொத்து என்ற பாடத்தை 12 வயதில் கற்றுக்கொண்டவர்கள் 55 வயதிலும் அதை மறக்கவில்லை. பெண்களின் நிலை இதைவிடவும் மோசம். பருவமடைந்த பிறகு மைதானத்துக்கு அனுப்பப்படாத ஒரு தலைமுறைப் பெண்கள் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் வைத்தியரின் சீட்டுடன் ஓடப் போகிறார்கள். “உந்த வயசில உமக்கென்ன ஓட்டம்?” என்று வீட்டுக்குள் இருந்தே குரல் வருகின்றது. தெருவில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூடத்தில் சாய்ந்திருந்து தொலைக்காட்சி பார்க்கும் கணவர்தான் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத் தாண்டி வாசலைக் கடப்பதற்குத் தேவையான துணிச்சல் 20 நிமிட ஓட்டத்துக்குத் தேவையானதை விடவும் பெரியது.

எமது நாட்டுக்கு இந்த விடயத்தில் ஒரு முன்னுதாரணம் இருந்தும் நாம் அதை மறந்துவிட்டோம். 1964 ரோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் இலங்கையின் சார்பில் ரணதுங்க கருணானந்த கலந்துகொண்டார். மற்றவர்கள் எல்லோரும் ஓடி முடித்த பிறகும் 67 ஆம் இலக்கத்தை அணிந்திருந்த அவர் எஞ்சிய சுற்றுக்களைத் தனியனாக ஓடினார். முதலில் ஏளனம் செய்த சனக்கூட்டம் இறுதியில் எழுந்து ஆரவாரித்தது. அந்தச் சம்பவம் பின்னர் ஜப்பானியப் பாடசாலைப் பாடநூலில் இடம்பெற்றது. தங்கப்பதக்கம் வென்ற அமெரிக்கரான பில்லி மில்ஸின் பெயரை அறியாத ஜப்பானியர்களும் கருணானந்தவை அறிந்திருந்தார்கள். எமது பிள்ளைகளில் எத்தனை பேர் அவரை அறிவார்கள்?

கடைசியாக ஓடுபவரை எவ்வாறு நடத்துவது என்பதில் பிரித்தானியர்களிடம் இருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டியதும் இருக்கின்றது. 2004 ஒக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேருடன் ஆரம்பிக்கப்பட்ட சனிக்கிழமை ஓட்டம்தான் இன்று ‘பார்க்ரன்’ என்ற பெயரில் பல நாடுகளில் நடைபெறுகின்றது. 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. அங்கு தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசியாக முடிவுக்கோட்டைக் கடப்பவர் எப்போதும் அவரே. எனவே ஓட வந்தவர்களில் எவரும் கடைசி ஆள் ஆவதில்லை. 2024 ஆம் ஆண்டில் அந்த அமைப்பு வேகச் சாதனைப் பட்டியல்களையும் தனது இணையத்தளத்தில் இருந்து அகற்றியது. வேகமாக ஓடுபவர்கள் சிலர் கோபமடைந்தார்கள். புதியவர்களை மிரட்டக்கூடிய ஒன்றை வாசலில் தொங்கவிடத் தேவையில்லை என்ற அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகின்றது.

இப்படியே மெதுவாக, திரும்பத் திரும்பச் செய்யலாம் என்று விட்டுக்கொடுத்தால் சோம்பேறிகள் முதலாவது வாரத்திலேயே நின்றுவிடுவார்கள், எங்காவது ஒரு தள்ளு வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. மூன்று நாட்களும் சிரமமின்றி முடித்துவிட்டு, பயத்தினால் மாத்திரம் அதே வாரத்தில் தங்கியிருப்பவரை அடுத்த வாரத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். ஐந்தாவது வாரத்தின் 20 நிமிடங்களை எனக்கு முன்னே ஓடிய ஒரு கணக்காளர் என்னிடம் சொன்ன உபாயம் உதவியது. முதல் ஐந்து நிமிடங்களை வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக ஓடு, நேரத்தைப் பார்க்காதே என்றார். அதுவும் ஒரு தள்ளுதான். ஆனால் அந்தப் பாதையில் போய் வந்த ஒருவரின் வாயில் இருந்து, போகவேண்டிய அளவைக் குறித்து வந்த தள்ளு. மேடையில் நிற்பவருக்கு நான் எந்த வாரத்தில் நிற்கிறேன் என்பதே தெரியாது.

நெஞ்சுவலி, தலைச்சுற்று, மூட்டில் குத்துகின்ற வலி ஆகியவை வந்தால் உடனே நிற்கவேண்டும். அங்கு மனவுறுதியைப் பற்றிப் பேசுபவர் குற்றவாளி. இன்சுலின் ஏற்றிக்கொள்பவர்களும் இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் ஆரம்பிப்பதற்கு முன்னரே வைத்தியருடன் கலந்தாலோசிக்கவேண்டும். இந்த எளிய எச்சரிக்கையை எந்தவொரு தன்னம்பிக்கைச் சொற்பொழிவிலும் நான் கேட்டதில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள பழைய மாணவர் சங்கங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோடைகால ஒன்றுகூடல்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று நீங்கள் நடத்துகின்ற 100 மீட்டர் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். வருடம் முழுவதும் காரில் திரிந்துவிட்டு அன்றைக்கு ஒரு நாள் மாத்திரம் பழைய பாடசாலை வீரர்களாக மாறித் தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டு விழுகின்ற அண்ணன்மாரை ஒவ்வொரு வருடமும் பார்க்கவேண்டியிருக்கின்றது. அதற்குப் பதிலாகப் பரிசில்லாத, நேரம் குறிக்காத 30 நிமிட ஓட்டம் ஒன்றை வையுங்கள். நடக்க விரும்புபவர்கள் இடையில் நடக்கட்டும். ஒன்பது வார அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு இரண்டு மாதங்களுக்கு முன்னரே வீடுகளுக்கு அனுப்புங்கள். ‘எந்த வாரத்தையும் மீண்டும் செய்யலாம்’ என்ற வாசகம் அதில் தலைப்பின் அளவிலேயே இருக்கட்டும்.

எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கு ஒருவர் தேவைப்படுவார். அந்தப் பொறுப்பைச் சங்கத்தின் தலைவருக்கே கொடுக்கலாம். மேடையில் முதல் வரிசைக் கதிரைக்கு அடிபடுகின்ற எத்தனை தலைவர்கள் அதற்கு முன்வருவார்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.